உங்களுக்குத் தெரியுமா? இருபடிச் சமன்பாட்டின் குணங்கள்

பத்தாம் வகுப்பில் சூத்திரத்தை உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்தவர்களுக்கான பத்தி இது. பயப்பட வேண்டாம், சூத்திரம் இங்கே வராது. விடை என்ன என்பதைவிட, ஒரு கெழுவை லேசாக அசைத்தால் சமன்பாடு எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. தெரியாத எண்ணை 'யா' என்று குறிக்கிறேன். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அப்படித்தான் எழுதினார். இரண்டாவதாக ஒரு தெரியாத எண் வந்தால் 'கா', மூன்றாவதற்கு 'நீ'. கா-வும் நீ-யும் கறுப்பு, நீலம் ஆகிய நிறங்களின் சமஸ்கிருதப் பெயர்களின் முதலெழுத்துகள்.

● லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 13901 என்ற எண்ணிட்ட பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. வயது ஏறத்தாழ 3,700 ஆண்டு. அதன் முதல் கணக்கில் ஒரு சதுரத்தின் பரப்பையும் பக்கத்தையும் கூட்டினால் முக்கால் வருகிறது. பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பலகை வழியும் சொல்கிறது. ஒன்றைப் பாதியாக்கு, அரை. அரையை அரையால் பெருக்கு, கால். அதை முக்காலோடு கூட்டு, ஒன்று. ஒன்றின் வர்க்கமூலம் ஒன்றேதான். அதிலிருந்து முன்பு எடுத்த அரையைக் கழித்தால் பக்கம் அரை. எழுத்துக் குறியீடு கிடையாது, கழித்தல் எண் கிடையாது. ஆனாலும் நம் பாடப்புத்தகத்தின் வர்க்கப் பூர்த்தி முறை இன்றைக்கும் இதே வரிசையில்தான் போகிறது. இந்தக் கணக்குக்கு −1½ என்று இன்னொரு மூலமும் உண்டு. சதுரத்தின் பக்கம் கழித்தலில் இருக்க முடியாதே, பாபிலோனியர் அதைத் தேடவில்லை.

● 2019இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ ஒரு சுருக்கு வழியை வெளியிட்டபோது உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. யா² − 14யா + 45 = 0 என்று வைத்துக்கொள்வோம். இரு மூலங்களின் கூட்டுத்தொகை 14, ஆகவே சராசரி 7. இரண்டும் 7க்கு இருபுறமும் சம தூரத்தில்தான் நிற்க வேண்டும். பெருக்குத்தொகை 45. 49இலிருந்து அந்தத் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் 45 வர வேண்டும், தூரம் 2. மூலங்கள் 5, 9. காரணிகளை ஊகித்துத் தடவ வேண்டியதில்லை. இதன் பகுதிகள் பழங்காலத்திலேயே இருந்தவை என்று லோவே ஒப்புக்கொண்டார். பள்ளியில் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை பேருக்குக் கணக்கு பிடித்துப்போயிருக்கும் என்று எனக்கு ஓர் ஆதங்கம்.

● 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் எழுதிய அல்-குவாரிஸ்மி, சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வழி சொன்னார். கழித்தல் கெழுவை அவர் ஏற்கவில்லை. எல்லா உறுப்பும் கூட்டலாகவே இருக்கும்படி இடம் மாற்றி அடுக்கினால் வகை ஆறாகிவிடுகிறது. ஆனால் அவருக்கு இருநூறு ஆண்டு முன்னால், 628இல், இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மாலில் இருந்த பிரம்மகுப்தர் கழித்தல் எண்ணைக் 'கடன்' என்றும் கூட்டல் எண்ணைச் 'சொத்து' என்றும் வைத்து, இரண்டையும் எப்படிக் கூட்டுவது, பெருக்குவது என்று விதி எழுதிவிட்டார். கடனுக்கு இடம் கொடுத்ததும் பல வகைகள் ஒன்றாகிவிடுகின்றன.

● சமன்பாட்டுக்குக் கதை தெரியாது! பாஸ்கரரின் பீஜகணிதத்தில் இரண்டு குரங்குக் கணக்குகள் உண்டு. முதலாவதில், கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கமாக்கினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் காட்டில் துள்ளுகின்றன; மிச்சமுள்ள 12 குன்றின்மேல் இருக்கின்றன. கூட்டத்தில் மொத்தம் எத்தனை? 16 என்றாலும் சரி (காட்டில் 4, குன்றில் 12), 48 என்றாலும் சரி (காட்டில் 36, குன்றில் 12). இரண்டையும் பாஸ்கரர் ஏற்கிறார். அடுத்ததில், ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கமாக்கிய அளவு குகைக்குள் போய்விட்டது, ஒன்று மட்டும் கிளையில் தெரிகிறது. இங்கே விடை 50 அல்லது 5. ஐம்பதுக்குக் கதை ஒழுங்காக ஓடுகிறது: 10இல் 3 போக 7, அதன் வர்க்கம் 49, கூட ஒன்று. ஐந்தைப் போட்டாலும் கணக்கு பொருந்துகிறது, ஆனால் நடுவில் 1 − 3 என்று கழித்தல் குரங்குகள் வந்துவிடுகின்றன. உலகம் இதை ஒப்புக்கொள்ளாது என்று பாஸ்கரர் ஐந்தைத் தள்ளிவிடுகிறார். எந்த மூலத்தை வைப்பது, எதைத் தள்ளுவது என்பது சமன்பாட்டின் வேலையல்ல, நம் வேலை.

● பிரேசில் பள்ளிகளில் இருபடிச் சூத்திரத்தின் பெயர் 'பாஸ்கரா சூத்திரம்'. பாஸ்கரரோ அந்த முறையை ஸ்ரீதரர் சொன்னது என்று குறித்திருக்கிறார்.

● இருபடிக் கோவையின் வரைபடமான பரவளையத்தில் ஒல்லி, அகலம் என்று இரண்டு சாதி கிடையாது. 10யா² வரைபடம் செங்குத்தாக ஒடுங்கித் தெரிகிறதா? அதையே பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள், யா² வரைபடம் அப்படியே வரும். எல்லாப் பரவளையமும் ஒரே உருவம். நாம் எவ்வளவு கிட்டே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். வட்டத்துக்கும் இந்தக் குணம் உண்டு. நீள்வட்டத்துக்கு இல்லை.

● மூன்று கெழுக்களில் குறும்புக்காரன் நடுக்கெழுதான். மாறிலியைக் கூட்டினால் வரைபடம் நேராக மேலே ஏறும், குறைத்தால் இறங்கும். முதல் கெழு விரிவையும், வாய் மேலே திறந்திருக்கிறதா கீழே திறந்திருக்கிறதா என்பதையும் தீர்மானிக்கும். நடுக்கெழுவை மாற்றினால்? பக்கவாட்டில் நகரும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முனை எங்கே போய் நிற்கிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். புள்ளிகளைச் சேர்த்தால் இன்னொரு பரவளையம் கிடைக்கும்: அதே அளவு, ஆனால் தலைகீழ். இத்தனை நகர்விலும் செங்குத்து அச்சில் வரைபடம் வெட்டும் இடம் மட்டும் அசையாது. கணினியில் ஒரு வரைபடச் செயலியைத் திறந்து நடுக்கெழுவை இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்; கரும்பலகையில் புரியவைப்பது கஷ்டம்.

● இரு மூலங்கள் மோதிக்கொண்டால் என்ன ஆகும்? யா² − 4யா-வுடன் ஒரு மாறிலியைச் சேர்த்துச் சுழிக்குச் சமமாக்குவோம். மாறிலி 0 என்றால் மூலங்கள் 0, 4. மாறிலியை 3 ஆக்கினால் 1, 3 என்று நெருங்கிவருகின்றன. 4 ஆனதும் இரண்டும் 2இல் மோதுகின்றன. மூலங்கள் எப்படிப்பட்டவை என்று காட்டும் எண்ணான தன்மைக்காட்டி சுழியாகும் இடம் அதுதான். 5 ஆக்கினால் எண்கோட்டில் மூலமே இல்லை என்று ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அவை காணாமல் போகவில்லை. கலப்பெண் தளத்தில் பார்த்தால், கிடையாக வந்து மோதிய இரண்டும் சட்டென்று செங்கோணத்தில் திரும்பி, ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் விலகிப்போகின்றன.

மோதலுக்குச் சற்று முன்னால் அவை ஓடும் வேகம்தான் கவனிக்க வேண்டியது. மாறிலி 3.9999 என்றால் மூலங்கள் 1.99, 2.01. அதாவது மாறிலியில் 0.0001 மாறியதற்கு மூலத்தில் 0.01 நகர்ந்திருக்கிறது, நூறு மடங்கு. சமமான மூலங்கள் வரும் இடத்துக்கு அருகே அளவெடுப்பில் வரும் சிறு பிசகுகூட விடையில் பெரிதாகத் தெரியும் என்பதைப் பொறியாளர்கள் பட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

● அலுவலகக் கதவின் மேலே எண்ணெய் நிரப்பிய டோர் குளோசர் இருக்கிறதே, அது தன்மைக்காட்டியின் மூன்று முகத்தையும் காட்டும். சுருள்வில் கதவை இழுக்கிறது, எண்ணெய் தடுக்கிறது; இரண்டையும் சேர்த்து எழுதினால் அடியில் ஓர் இருபடிச் சமன்பாடு வந்து நிற்கிறது. எண்ணெயின் தடுப்பு அதிகமானால் மூலங்கள் மெய்யெண்கள், கதவு சோம்பலாக ஊர்ந்து மூடும். தடுப்பு போதாவிட்டால் மூலங்கள் கலப்பெண்கள். தடுக்கச் சட்டம் இல்லாத, இருபுறமும் ஆடும் கதவானால் நிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து ஊசலாடும். நடுவில் ஒரே ஒரு புள்ளி, தன்மைக்காட்டி சுழி: ஊசலாடாமல் எவ்வளவு சீக்கிரம் மூட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மூடும். மோட்டார் பைக்கின் ஷாக் அப்சார்பருக்கும் இதே கணக்குதான். பள்ளத்தில் விழுந்த பின்பும் வண்டி குதித்துக்கொண்டே போனால், உங்கள் தன்மைக்காட்டி கழித்தலுக்குப் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள்.

● 10ஐ இரண்டாகப் பிரித்து, பெருக்கினால் 40 வரும்படி செய்ய முடியுமா? 5, 5 என்று பிரித்தாலே 25தான், அதற்கு மேல் போகவே போகாது. 1545இல் இத்தாலியின் கார்டானோ இந்தக் கணக்கைத் தன் நூலில் எடுத்துக்கொண்டு, 5 கூட்டல் √−15, 5 கழித்தல் √−15 என்று விடை எழுதினார். மன வேதனையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பெருக்கச் சொல்லிவிட்டு, இவ்வளவு நுட்பமான இது பயனற்றதும்கூட என்று முடித்தார். இன்றைய மின்பொறியியல் அந்தப் பயனற்றதின் மேல்தான் ஓடுகிறது.

● கணினிக்கு இருபடிச் சமன்பாடு தண்ணீர் பட்ட பாடு என்று நினைக்கிறோம். யா² − 10,00,00,000யா + 1 = 0 என்பதைச் சூத்திரத்தில் அப்படியே போட்டு ஓடவிடுங்கள். சிறிய மூலம் ஏறத்தாழ 0.00000001 வர வேண்டும். சுமார் 16 இலக்கத் துல்லியத்தில் வேலை செய்யும் வழக்கமான கணினி எண்முறையில் 0.00000000745 வரும். கால் பங்கு பிழை! சூத்திரத்தில் தப்பில்லை. கிட்டத்தட்டச் சமமான இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது, முன்னிலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், வால் பகுதியில் இருந்த பிசகு மட்டும் மிஞ்சுகிறது. மாற்றுவழி எளிது. பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடியுங்கள், அதில் இந்தச் சிக்கல் இல்லை. இரு மூலங்களின் பெருக்குத்தொகை 1 என்று தெரியுமே, 1ஐப் பெரிய மூலத்தால் வகுத்தால் சிறியது சுத்தமாகக் கிடைக்கும். நல்ல நிரல்நூலகங்களில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

● இரண்டு கார்கள் அருகருகே போகின்றன, ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர், மற்றது 80. ஒரே இடத்தில் இருவரும் ஒரே அழுத்தத்தில் பிரேக் போடுகிறார்கள். 60இல் வந்த கார் நிற்கும் இடத்தில் 80இல் வந்த கார் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? 20 என்று மனம் சொல்லும். விடை ஏறத்தாழ 53. பிரேக் குறைப்பது வேகத்தை அல்ல, வேகத்தின் வர்க்கத்தை: 6400இலிருந்து 3600 போனால் 2800, அதன் வர்க்கமூலம் 52.9. இத்தனைக்கும் பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கலாம்.

● மேலிருந்து விழும் பொருள் முதல் நொடியில் கடக்கும் தூரத்தை 1 என்று வைத்தால் அடுத்தடுத்த நொடிகளில் 3, 5, 7 என்று ஒற்றைப்படையாகவே போகும் என்று காட்டியவர் கலிலியோ. ஒவ்வொரு முறையும் 2 கூடுகிறது. எந்த இருபடிக் கோவையை எடுத்து, வரிசையாக எண்களைப் போட்டு, வித்தியாசத்துக்கு வித்தியாசம் எடுத்தாலும் இப்படி ஒரே எண்தான் வரும்.

அதாவது பெருக்கலே இல்லாமல், வெறும் கூட்டலை வைத்தே இருபடிக் கோவையின் மதிப்புகளை அடுக்கிவிடலாம். சார்லஸ் பாபேஜ் தன் வித்தியாச இயந்திரத்தைக் கட்ட முற்பட்டது இந்த நம்பிக்கையில்தான். 1822இல் அவர் செய்த சிறு மாதிரி இயந்திரம் போட்ட கணக்கு யா² + யா + 41. 41, 43, 47, 53, 61 என்று பற்சக்கரங்கள் ஒவ்வொன்றாகத் தந்தன.

● பாபேஜ் அந்தக் கோவையைச் சும்மா எடுக்கவில்லை. யா-வுக்கு 0இலிருந்து 39 வரை எதைப் போட்டாலும் அதில் பகா எண்ணே வரும். ஆய்லர் 1772இல் குறிப்பிட்டது இந்தக் குடும்பத்தைத்தான். 40ஐப் போட்டதும் வித்தை கலைந்துவிடும், 41இன் வர்க்கம் வந்து நிற்கும். இதன் தன்மைக்காட்டி −163. இந்த 163 சாதாரண எண் அல்ல. இயற்கை மடக்கையின் அடிமான எண்ணை, பை பெருக்கல் √163 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 262537412640768743.99999999999925 என்று வரும், முழு எண்ணாக ஒரு மயிரிழைதான் பாக்கி. மார்ட்டின் கார்ட்னர் 1975 ஏப்ரல் மாத 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்தியில் இது முழு எண்ணே என்றும் ராமானுஜன் அப்படி ஊகித்தார் என்றும் எழுதினார். ஏப்ரல் முட்டாள் தினக் குறும்பு! நம்பியவர்கள் ஏராளம், இன்றும் 'ராமானுஜன் மாறிலி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராமானுஜன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் 22, 37, 58 ஆகியவற்றைக் கொண்ட இதே இன எண்கள் இருக்கின்றன. ஆக, குறும்பு முழுக்க ஆதாரமில்லாததும் அல்ல.

● ராமானுஜனின் நிஜமான இருபடிக் கதை வேறு. 1914 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் ஒரு புதிர் வந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு, வீட்டு எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக. ஒரு வீட்டுக்கு இடப்புற வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டின் எண் என்ன? கேம்பிரிட்ஜில் அப்போது மாணவராக இருந்த மகலநோபிஸ் இதைப் படித்துக்காட்டியபோது, ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். கிளறுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். 288 வீட்டில் 204ஆவது வீடு என்ற விடை மட்டுமல்ல, எல்லா விடைகளும் அதில் அடங்கிவிட்டன: 8இல் 6, 49இல் 35 என்று முடிவில்லாமல். இரண்டு தெரியாத எண்கள் உள்ள இருபடிச் சமன்பாடு இது. முழு எண் விடை மட்டுமே வேண்டும் என்பதால் பள்ளிச் சூத்திரம் உதவாது. வீட்டு எண்ணின் வர்க்கமும் தெருவின் எல்லா எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக வர வேண்டும், பெரிய தெருவானாலும் நீங்களே சரிபார்க்கலாம்: 204இன் வர்க்கம் 41,616, 1 முதல் 288 வரை கூட்டினாலும் 41,616.

● அதே குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை: ஓர் எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மீண்டும் ஒரு வர்க்கம் வர வேண்டும். மிகச் சிறிய விடையே 22,61,53,980. 61க்குப் பதில் 60 போட்டால் வெறும் 4. 1657இல் பெர்மா ஐரோப்பியக் கணிதர்களுக்கு விட்ட சவால்களில் இந்த 61 உண்டு. பாஸ்கரர் 1150இலேயே இதைத் தீர்த்துவைத்திருந்தார் என்பது பெர்மாவுக்குத் தெரியாது.

● 1976இல் 'நேச்சர்' இதழில் ராபர்ட் மே எழுதிய கட்டுரை, இருபடிக் கோவை ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதைப் பற்றியது. பூச்சிகளின் எண்ணிக்கையை 0க்கும் 1க்கும் இடையில் ஒரு பின்னமாக வையுங்கள். அதை, ஒன்றில் அது போக மிச்சமுள்ளதால் பெருக்கி, பிறகு ஒரு பெருக்க விகிதத்தால் பெருக்கினால் அடுத்த ஆண்டுக்கான எண்ணிக்கை. விகிதம் 2.8 என்றால், எங்கே தொடங்கினாலும் 0.643இல் வந்து அமைதியாகிவிடும். 3.2 என்றால் 0.513, 0.799 என்று ஆண்டு மாற்றி ஆண்டு தாவும். 3.5இல் நான்கு மதிப்புகள் சுழலும். பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு; 3.57ஐத் தாண்டினால் ஒழுங்கே இல்லை. சரி, இனிமேல் எல்லாம் குழப்பம்தான் என்று விட்டுவிட்டால் 3.83இல் திடீரென மூன்று ஆண்டுச் சுழற்சி வந்து நிற்கும். இதில் எங்குமே பகடை உருட்டவில்லை, எதிர்பாராத எதையும் சேர்க்கவில்லை. இரண்டு பெருக்கல், ஒரு கழித்தல், அவ்வளவுதான்.

இரட்டிப்புகள் நடக்கும் இடைவெளிகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4.669இல் ஒரு பங்காகச் சுருங்குகின்றன என்று 1975இல் மிட்செல் பெய்கன்பாம் கண்டுபிடித்தார், கையடக்கக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு. வேறு கோவைகளை எடுத்துப் பார்த்தாலும் அதே 4.669. இந்தச் சமன்பாட்டை மாணவர்களுக்குச் சீக்கிரமே காட்டிவிட வேண்டும் என்று மே தன் கட்டுரையில் வற்புறுத்தியிருந்தார். ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, நம் பாடத்திட்டத்தில் இன்னும் சூத்திரத்தோடு நிற்கிறோம்.

● நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடி, திரவப் பாதரசம். தட்டைச் சீராகச் சுற்றினால் திரவத்தின் மேற்பரப்பு தானாகவே பரவளைய வடிவம் எடுத்துக்கொள்ளும், தேய்க்கவும் வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம். எட்டு நொடிக்கு ஒரு சுற்று, குவியம் 8 மீட்டர் உயரத்தில். ஒரே குறை, நேர் உச்சியைத் தவிர வேறு பக்கம் திருப்ப முடியாது. சாய்த்தால் பாதரசம் கொட்டிவிடும்.

● 2003 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் இருபடிச் சமன்பாட்டைப் பற்றித் தனி விவாதம் நடந்தது. அதற்காக எழுந்து பேசியவர் டோனி மெக்வால்டர் என்ற தொழிற்கட்சி உறுப்பினர். நம் சட்டமன்றங்களில் இப்படி ஒரு நாள் வருமா என்று கேட்காதீர்கள்.

● மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்களை வரிசையாக மூன்று கெழுக்களாக வைத்து ஒரு சமன்பாடு எழுதுங்கள். மூலங்கள் மெய்யெண்களாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 216இல் 43, ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. நடுப் பகடையில் 1 விழுந்தால் வாய்ப்பே கிடையாது. 6 விழுந்தாலும் 36இல் 17தான், பாதிகூடத் தேறாது.